கேட் வரைக்கும் ஒரு 'டா'

என் கணவனை இந்தக் கதையில் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். அவனுக்கு ஆட்சேபணை இல்லை. மாமியாருக்கு இருக்கும், ஆனால் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது மருந்துச் சீட்டை மட்டும்தான். நடுவில் சில மாதங்கள் அவன் 'அவர்' ஆகிவிட்டான். அந்தக் கண்ராவியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் சொதப்பினால் நான் மிதித்துக்கொள்ளலாம். எங்கள் முதலாளியம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். படிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும். "கிளட்ச்சை மெதுவா விடுங்க." "கண்ணாடியைப் பாருங்க." நேரே லாரி வந்தாலும் "சார், லாரி வருதுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். செத்தாலும் மரியாதையோடு சாக வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவன் அங்கே என்னிடம் ஓட்டப் பழக வந்தவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பார்க்கும் வேலை. அடுத்தவர் கண்ணையெல்லாம் சோதிக்கிறவனுக்கு எதிரே இருந்த மதில் சுவர் மட்டும் தெரியவில்லை. "பிரேக் போடுங்க சார், பிரேக் போடுங்க" என்று நான் பாடம் ஒப்பிக்க, அவன் "இதோ போடுறேங்க" என்று பவ்யமாகச் சொல்லிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். என் காலடி பிரேக் அன்றைக்கென்று பார்த்து இறுகிக்கொண்டது. "டேய், பிரேக்கை மிதிடா" என்று அடித்தொண்டையில் கத்தினேன். வண்டி சுவரை முட்டாமல் நின்றது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "இப்பதாங்க புரியுற மாதிரி சொல்லியிருக்கீங்க" என்றான்.

மறுநாள் வந்தவன் வண்டியில் ஏறவில்லை. "என்னை அப்படியே கூப்பிடுறீங்களா?"

"எப்படி?"

"நேத்துக் கூப்பிட்டீங்களே, அப்படி."

எங்கள் காதல் கதை இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, கல்யாணம்தான் நடந்தது.

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த வீடு வேறு மாதிரி. மாமனார் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவரை 'ஐயா' என்றுதான் சொல்லும். வீட்டுக்குள்ளேயும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் இருப்பார். தும்மினால்கூட முன்கூட்டியே தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தும்முவார். மாமியார் அவரைக் கூப்பிட வைத்திருந்தது ஒரே வார்த்தை: 'என்னங்க.' "என்னங்க, காபிங்க." "என்னங்க, மழை வர்ற மாதிரி இருக்குங்க." மழைக்கே 'ங்க' போடுகிற வீட்டில் நான் என்ன செய்வேன்?

அறைக்குள் 'டேய்', அறைக்கு வெளியே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "சாப்பிடலாமா?", "கிளம்பலாமா?", "தூங்கலாமா?" இந்த 'லாமா'வுக்கு மரியாதையும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது. மாமியார் கெட்டிக்காரி, இதைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ ஏன் எப்பப் பார்த்தாலும் பொதுவாவே பேசுற?" என்று ஒருநாள் கேட்டார். நான், "நாங்க எல்லாத்தையும் சேர்ந்தே செய்வோம் அத்தை" என்று சமாளித்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது நாத்தனாரின் கல்யாணப் பேச்சு.

நாத்தனாருக்கும் அவளோடு வேலை பார்க்கும் பையனுக்கும் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் அப்பாவும் அம்மாவும் புதுக் காரில் வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா என் மாமனாருக்குச் சளைத்தவர் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறித் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். அதையே பேச்சுவார்த்தை என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் திருப்தியாக இருந்தோம். அந்த அம்மாள் தன் கணவர் பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். என் மாமியார் அதைக் கவனித்து, தன் தலையை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குனிந்துகொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது எங்கள் கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதை எடுக்க அவன் போனான். ரிவர்ஸ் கியர் போட்டான். பின்னால் புதுக் கார் நிற்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

"டேய், பிரேக்குடா."

தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டு காருக்கும் நடுவே ஒரு பேப்பரைச் செருகலாம், அவ்வளவு இடம்தான். அவர்களுடைய புதுக் காரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தராவது வாயைத் திறந்து நன்றி சொல்லவில்லை. மாமனார் வானத்தைப் பார்த்தார். மாமியார் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டு நாள் கழித்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்று சம்பந்தம் பேசிய பெரியம்மா ஒருவர் மூலம் தகவல் வந்தது. "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா அந்த வீட்டுல மருமக புருஷனையே வாடா போடாங்குதாம். அந்த வளர்ப்புல வர்ற பொண்ணு எங்க பையனை என்ன பேசும்னு யோசிக்கிறாங்க."

நாத்தனார் மொட்டைமாடிக்குப் போய் அந்தப் பையனிடம் போனில் அழுதாள். "உங்க அம்மாகிட்ட நீயாவது வாயைத் திறந்து பேசேன்டா, எருமை" என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. பிறகு கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எனக்காக. கல்யாணம் முடியுற வரைக்கும்."

எனக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. ஆனால் அழுகிற பெண்ணிடம் என்ன சொல்வது? சரி என்றேன்.

மாமியார் பயிற்சி ஆரம்பித்தார். நான் கிளட்ச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். "'என்னங்க'ன்னு சொல்லும்போது கடைசியில இழுக்கக் கூடாது. இழுத்தா கிண்டல் பண்ற மாதிரி இருக்கும். வெட்டியும் சொல்லக் கூடாது, அது சண்டை. நடுவுல விடணும்."

"ரூமுக்குள்ளயுமா அத்தை?"

"உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இருந்ததாலதான இந்த வினை. நாக்குக்கு உள்ள வெளிய தெரியாது. பழகுனா எல்லா இடத்துலயும் பழகணும்."

முதல் சில நாட்கள் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, "என்னங்க, லைட்டை அணைக்கிறீங்களாங்க?" என்று நான் கேட்பேன், அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பான். அப்புறம் வாய் மறந்து ஒரு 'டேய்' வரும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவார். அந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு 'ங்க' பிடித்துப்போய்விட்டது.

இனிமேல் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஏனென்றால் அப்போது அந்த வீட்டில் நடமாடியவர் எனக்குத் தெரிந்தவர் இல்லை.

முன்பெல்லாம் இரவுச் சாப்பாடு முடிந்தால் பாத்திரம் கழுவுவது அவன்தான். 'சாப்பிட்டீங்களாங்க?' என்று கேட்கப்பட்ட மனிதர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ மாட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "தண்ணி" என்றார். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை இல்லை. அந்த 'தண்ணி'யை அவர் எங்கிருந்து கற்றார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அப்பா அதைத்தான் தினமும் சொல்கிறார். சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார். ஒருநாள் காலை பல் விளக்கிவிட்டு வெளியே வந்தவர், தொண்டையைச் செருமினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சவுண்டுங்க அது?" என்றேன்.

"எது?"

"உங்க தொண்டையில வந்துச்சேங்க, அது."

"சளி" என்றார் கம்பீரமாக.

பெரியம்மா வாராவாரம் வந்து நிலவரம் பார்த்துவிட்டுப் போனார். "இப்பதான் பார்க்கக் குடும்பமா இருக்கு" என்று என் கன்னத்தைத் தட்டினார். கல்யாணப் பேச்சு மறுபடி சூடு பிடித்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் யாரோ முன்பின் தெரியாதவரோடு குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் மரியாதையாக நடந்துகொள்கிறான், மாமியார் அன்பாக இருக்கிறார் என்று யாராவது புகார் கொடுப்பார்களா?

ஒருநாள் என்னிடம் பழகிக்கொண்டிருந்த வங்கி அதிகாரி ஒருவர் வண்டியைக் கால்வாயில் இறக்கிவிட்டார். பெரிய அடி இல்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் தெரிந்தது, கதவு திறக்கவில்லை. யாரோ ஓடி வந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் என் கணவர். 'டேய், இன்னைக்கு நான் செத்திருப்பேன்டா' என்று சொல்லி அவன் மேல் விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"இன்னைக்கு ஒரு சின்ன ஆக்ஸிடென்ட்ங்க" என்றேன்.

"அப்படியா. பார்த்துப் போகக் கூடாதா?" என்றார் அவர், பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? 'சின்ன ஆக்ஸிடென்ட்ங்க' என்று சொன்னால் யாருக்குமே பேப்பரைக் கீழே வைக்கத் தோன்றாது. ஒரு 'டா' வந்திருந்தால் அவன் எழுந்து ஓடி வந்திருப்பான். இனி நாத்தனாருக்குக் கல்யாணம் முடிந்தாலும் அவன் திரும்பி வருவானா என்ற பயம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

இந்த நிலையில் மாமனாருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான். மாமனார் ஆஸ்பத்திரிக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் போனார். அதைக் கழற்றிவிட்டு முதுகில் நாடா வைத்த பச்சைத் துணியைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, அந்த நர்ஸை அவர் பார்த்த பார்வையில் வேறொருத்தியாக இருந்தால் வேலையை விட்டிருப்பாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதியத்துக்கு மேல் அவரை அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் விட்டார்கள். அதே நேரம் பார்த்து பையனின் அப்பாவும் அம்மாவும் ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார்கள். வருங்காலச் சம்பந்தி படுத்திருக்கும்போது வந்து பார்க்காமல் இருக்க முடியுமா? மாமியார் பதறிப்போய் மாமனாரின் கலைந்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

நர்ஸ் மாமனாரின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தாள். "இவரைத் தூங்க விடாதீங்க. முழிச்சு நல்லா மூச்சிழுக்கணும். கூப்பிட்டுக்கிட்டே இருங்க" என்றாள்.

"அப்பா" என்றார் என் கணவர்.

"ஐயா, ஐயா" என்றாள் நர்ஸ், கன்னத்தைத் தட்டி.

"சம்பந்தி" என்றார் பையனின் அப்பா, ஒருமுறை செருமிவிட்டு.

"என்னங்க" என்றார் மாமியார். இழுக்கவில்லை, வெட்டவில்லை, சரியாக நடுவில் விட்டார். "என்னங்க, இங்க பாருங்க. எல்லாரும் வந்திருக்காங்க பாருங்க."

மாமனார் அசையவில்லை. தலைமாட்டில் இருந்த பெட்டி கீச்சிடத் தொடங்கியது. அதில் தெரிந்த எண் இறங்கிக்கொண்டே போனது. நர்ஸ் அவர் முகத்தில் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "மூச்சு ரொம்ப மேலோட்டமா இருக்கு. நான் டாக்டரைக் கூப்பிடுறேன். அதுக்குள்ள நீங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்கம்மா, சத்தமா. பழகின குரலுக்குத்தான் முழிப்பாங்க."

"இப்படித்தாங்க கூப்பிடுவேன்" என்றார் மாமியார். குரல் உடைந்துவிட்டது. "என்னங்க. என்னங்க."

பெட்டி இன்னும் வேகமாகக் கீச்சிட்டது. மாமியார் நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பையனின் அப்பாவை, அம்மாவை, என் கணவரை, கடைசியாக என்னை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து வண்டி போகும்போது, முதலாளியம்மாவின் சட்டம் ஞாபகத்துக்கு வந்து, அது வேண்டாம் என்று முடிவெடுக்கிற அரைநொடி அது. அவர் கட்டிலில் குனிந்தார், மாமனாரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய் தூங்குமூஞ்சி. எந்திரிடா. மூச்சை இழுடா, டேய்."

மாமனார் மூச்சை இழுத்தார். நெஞ்சு எழும்புவது நன்றாகத் தெரிந்தது. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே, நான் அவரிடம் ஒருநாளும் கேட்டிராத கொஞ்சலான குரலில், "இருடி, இன்னும் கொஞ்ச நேரம்டி" என்றார்.

பெட்டி அடங்கியது. பையனின் அப்பா ஆரஞ்சுப் பழங்களை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மாமனாரின் தோளை விடவே இல்லை. "தூங்காதடா, இழு, இன்னும் இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து மாமனாரின் நெற்றியில் சொட்டியது. டாக்டர் வந்து பார்த்து, இனிப் பயமில்லை என்று சொல்லும்வரை அவர் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமனார் கண்ணைத் திறந்தார். முதலில் கூரை, பிறகு நர்ஸ், பிறகு கூடையோடு நிற்கும் சம்பந்தி. ஐயாவின் முகம் ஒவ்வொரு பாகமாகத் திரும்பி வந்து உட்கார்வதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கடைசியாகத் தொண்டையைச் செருமினார்.

"யாரு அது," என்றார் மெல்ல, "மரியாதை இல்லாம கூப்பிட்டது?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்தார். துளிகூடத் தயங்காமல் என்னைக் காட்டினார்.

"மருமகதாங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டவர்கள். ஐயா யாருக்கு 'இருடி' சொன்னார் என்பதையும் கேட்டவர்கள். ஆனாலும் பையனின் அப்பா தலையாட்டினார். பெற்ற மகனும் தலையாட்டினார். நர்ஸ்கூட மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் நகர்ந்தாள். கட்டிலின் மறைவில் மாமியாரின் கை மட்டும் என் கையைத் தேடிப் பிடித்து, வலிக்கும்படி இறுக்கியது.

"ஆமா மாமா, நான்தான்" என்றேன். "மன்னிச்சுக்கோங்க."

மாமனார் என்னைப் பார்க்கவில்லை, தன் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்லம்மா" என்றார். "அவசரத்துக்குத் தப்பில்ல."

பையனின் அம்மா கிளம்பும்போது மாமியாரைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பும் சாக்கில் பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுல 'தூங்குமூஞ்சி' கிடையாதுங்க. அது வேற வார்த்தை." என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. மாமியாரும் கேட்கவில்லை. "கல்யாணத்தைச் சீக்கிரம் வெச்சுக்கலாம்" என்றார் அந்த அம்மாள்.

மாமனாருக்குத் துணையாக நாத்தனார் வந்து சேர்ந்ததும் நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குக் கிளம்பினோம். என் கணவர் ஓட்டினார். நான் பக்கத்தில். மாமியார் பின் இருக்கையில், அந்த ஆரஞ்சுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மாமியார் பேச ஆரம்பித்தார், எங்களிடம் இல்லை, ஜன்னலிடம்.

"யாருக்கும் தெரியாம இத்தனை வருஷம் வெச்சிருந்தேன். எங்க ரெண்டு பேருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். போயும் போயும் ஒரு கூடை ஆரஞ்சுக்கு முன்னாடி போயிடுச்சு."

எனக்கு அவர் மேல் அத்தனை மாதமாக இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அழுகையாக வந்தது. அதை மறைக்க நான் முன்னால் சாலையைப் பார்த்தேன். அங்கே ஒரு பஸ், எந்தச் சமிக்ஞையும் இல்லாமல், எங்கள் மூக்குக்கு முன்னால் திரும்பிக்கொண்டிருந்தது. என் கணவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் தானாக பிரேக்கைத் தேடியது. அது எங்கள் சொந்தக் கார், என் பக்கம் பிரேக் கிடையாது.

"என்னங்க…" என்று ஆரம்பித்துவிட்டேன். பழக்கம். "டேய், பஸ்டா. பிரேக்குடா."

கார் நின்றது. ஒரு ஆரஞ்சு உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அந்த ஆக்ஸிடென்ட் அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டியாடி?" என்று கேட்டான். இத்தனை நாள் கழித்து. நான் தலையாட்டினேன்.

பின்னால் பார்க்கவே பயமாக இருந்தது. மாமியார் மடியில் கூடையை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கேட் வர்ற வரைக்கும் சொல்லிக்கோ" என்றார். "அதுக்கப்புறம் 'ங்க'."

அவன் வண்டியைக் கிளப்பினான். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அவன் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியை ஒழுங்காகப் பார்த்து, எதிர்ப் பக்கம் திரும்பினான். அது சுற்று வழி என்று மாமியாருக்கும் தெரியும். அவர் ஒரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.